எந்தப் பக்கம் கேட்டது?

அத்தியாயம் 11

ஆனேக்கல் பஸ்ஸில் ஏறியதும் மமதா இடது பக்க ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். காற்றுக்காக இல்லை. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் தன் வலது பக்கம் இருக்க வேண்டும். பஸ்ஸோ, கல்யாண மண்டபமோ, பள்ளியின் ஸ்டாஃப் ரூமோ, இப்போதெல்லாம் அவள் முதலில் தேடுவது அப்படி ஓர் இடத்தைத்தான்.

போன வருட மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய இடது காதையும் கொண்டுபோய்விட்டது. நரம்பு பாதித்துவிட்டது, உடனே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. கணவன் சுதீருக்கும் தெரியாது.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் வீட்டில் குழந்தை இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியம்மா, 'இன்னும் ஒண்ணும் இல்லியா?' என்று கேட்காமல் விடமாட்டாள். ஒரு குறைக்கே இவ்வளவு பேச்சு. இன்னொரு குறையைத் தானாக எடுத்து அவர்கள் கையில் கொடுப்பானேன்?

வேலையைப் பற்றியும் பயம். நீலசந்திராவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அவள் இயற்பியல் டீச்சர். போன மாதம் பாடத்துக்கு நடுவே யாரோ சிரித்தார்கள். மமதா ஒரு பெண்ணை எழுப்பி வெளியே நிற்க வைத்தாள். மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா பிரின்சிபால் அறைக்கே வந்துவிட்டாள்.

"எம் பொண்ணு வாயே தெறக்கல மேடம். சிரிச்சது வேற யாரோ. இந்த மிஸ்ஸு கூப்ட்டாத் திரும்பறதில்லே, கேட்டா பதில் சொல்றதில்லே. தப்பு பண்ணாதவளைப் புடிச்சு வெளிய நிக்க வைக்கறாங்க!"

"உங்க கவனம் இங்கே இல்லே, மமதா மிஸ்" என்றார் பிரின்சிபால். அன்றே, இயற்பியல் ஆசிரியர்களுக்காக ஆனேக்கலில் நடக்கும் மூன்று நாள் பயிற்சிக்கு அவள் பெயரைக் கொடுத்தார். கூடவே துறைத் தலைவி அன்னாவையும் அனுப்பினார். அன்னா திரும்பி வந்து என்ன சொல்கிறாரோ, அதை வைத்துத்தான் பத்தாம் வகுப்பு மமதாவிடம் இருக்குமா, போகுமா என்று முடிவாகும். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

முதல் நாள் கண்ணாடியும் லென்ஸுமாகப் போனது. பிழைத்தாள். இன்று இரண்டாம் நாள். இன்றைய பாடம், ஒலி.

ஹெப்பகோடியில் பஸ் நின்றபோது சஹானா ஏறினாள்.

சஹானா சுதீரின் ஒரே தங்கை. அண்ணியைப் பார்த்துத்தான் அவளும் இயற்பியல் படித்தாள். பி.எஸ்ஸி. பரீட்சைக்கு முன்னால் அண்ணியின் சமையலறையில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்தபடியே சூத்திரங்களை ஒப்பித்தவள். கல்யாணமாகி ஹெப்பகோடிக்கு வந்து, இங்கேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பள்ளி அவளையும் இதே பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. வாரம் தவறாமல் நீலசந்திராவுக்கு வந்துகொண்டிருந்தவள், உகாதிக்குப் பிறகு வாசல் மிதிக்கவில்லை. ஏன் என்று மமதாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

அண்ணிக்குப் பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்து சஹானா ஒரு கணம் தயங்கினாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சஹானா, நேத்து சொல்லாமக்கூட கெளம்பிட்டே?"

"வேலை இருந்துச்சு அண்ணி."

"வீட்டுப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. உனக்குப் பிடிக்குமேன்னு அவரேக்காய் கூட்டு பண்ணப்பல்லாம் நெனச்சுக்குவேன்."

சஹானா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். சந்தாபுரா சிக்னல் வந்தபோதுதான் கேட்டாள்.

"அண்ணன் எப்டி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. பேச்சுத்தான் கொறஞ்சு போச்சு. வந்தா டி.வி., சாப்பாடு, தூக்கம்." மமதா சிரிக்கப் பார்த்தாள்.

"கேட்டா பதில் சொல்றவங்க இருந்தாத்தானே பேசறதுக்கு மனசு வரும்?"

சஹானாவின் குரலில் இருந்த சூடு மமதாவுக்குச் சுரீரென்றது. என்ன கேட்டார், எதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்துவிட்டார். அவர் நகர்ந்தபோது சஹானா கைபேசியில் மூழ்கியிருந்தாள்.

* * *

பயிற்சி நடத்துபவர் ப்ரஹ்லாத். ஒல்லியான மனிதர். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசுவார். ஆசிரியர்களை வகுப்புப் பிள்ளைகள் போல ஓட வைப்பார். அன்று காலை அவர் மேஜைமேல் செடிக்குத் தண்ணீர் விடுகிற பச்சை பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு இருக்கீங்க. யாரோ கூப்பிடறாங்க. எந்தப் பக்கத்திலேர்ந்துன்னு எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

யாரோ, "காது இருக்கே ஸார்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு காது போதுமா?"

மமதா நோட்டைப் பிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் விளக்கினார். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துக் காதுக்குக் கொஞ்சம் முந்தி வந்து சேரும். கண் இமைக்கும் நேரத்தைவிட மிக மிகச் சிறிய வித்தியாசம். மூளை அதைக் கண்டுபிடித்துத் திசை சொல்லிவிடும். இந்த பைப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு காதுகளிலும் வைத்துக்கொள்ள வேண்டும். பைப் முதுகுப் பக்கம் தொங்கும். பின்னால் நிற்கும் ஜோடி, பென்சிலால் அதில் தட்டுவார். இடதா வலதா என்று சொல்ல வேண்டும். நடுக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளித் தட்டினால் பக்கம் பிடிபடுகிறது என்று அளக்க வேண்டும்.

"ஒரே ஸ்கூல் ஆளுங்க ஜோடி சேரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அன்னாவை முன் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, மமதாவையும் சஹானாவையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்."

அவர்கள் நாத்தனாரும் அண்ணியும் என்பது அவருக்குத் தெரியாது.

"நான் மொதல்ல தட்டறேன்" என்று மமதா பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

சஹானா சரியாகச் சொன்னாள். நடுக் கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தட்டினால் போதும், பக்கம் பிடிபட்டது. மமதா ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். எவ்வளவு மெதுவாகச் செய்தும் முடிந்துபோனது.

"குடுங்க அண்ணி. இப்ப நான்."

மமதா பைப் முனைகளைக் காதுகளில் வைத்துக்கொண்டாள். வலது காதில் 'டொக்' என்று கேட்டது.

"வலது."

டொக்.

"வலது."

டொக். வலது. டொக். எல்லாமே வலது காதில்தான் விழுந்தன. வேறு எங்கே விழும்? எல்லாவற்றையும் வலது என்றால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது. "இடது" என்றாள். அடுத்ததற்கும் "இடது" என்றாள். அதன் பிறகு வாய்க்கு வந்தபடி மாற்றி மாற்றிச் சொன்னாள்.

பின்னால் சஹானாவின் புருவம் சுருங்கியது. வலது முனைக்குப் பக்கத்திலேயே தட்டினாள். அண்ணி "இடது" என்றாள். மறுபடி அதே இடத்தில் தட்டினாள். "வலது." அண்ணி தன்னோடு விளையாடுகிறாள், இல்லை பிடிவாதமாகப் பழி வாங்குகிறாள் என்று சஹானாவுக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடி, வேறொன்று தோன்றியது.

சஹானா பைப்பின் வலது பாதியைக் கையால் மடக்கி இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் சத்தம் போகாது. இடது முனைக்கு அருகே பென்சிலால் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

மமதா காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தட்டு சஹானா. ஏன் நிறுத்திட்டே?" என்றாள்.

சஹானா பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தபோது மமதாவுக்குப் புரிந்துவிட்டது. பைப்பைக் காதிலிருந்து எடுத்தாள். சஹானா அண்ணியின் வலது தோளருகே குனிந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க."

"எப்போலேர்ந்து அண்ணி?"

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே. அப்போ."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

மமதா இல்லையென்று தலையாட்டினாள்.

சஹானாவின் கண் நிறைந்துவிட்டது. "உகாதியன்னிக்கு வாசல்ல நின்னு எத்தனை தடவை கூப்ட்டேன் தெரியுமா? நீங்க அடுப்பைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலேன்னு திரும்பிப் போயிட்டேன்."

"நீ வந்தியா?" மமதா திகைத்துப் போனாள். "உனக்குன்னு பூரணம் வச்சுச் சுட்ட ஹோளிகே மூணு நாள் இருந்துச்சே சஹானா."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

முன்னாலிருந்து ப்ரஹ்லாத் குரல் கொடுத்தார். ஒவ்வொரு ஜோடியும் தங்கள் அளவைச் சொன்னால் போர்டில் எழுதுவாராம். சஹானா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். அண்ணியின் பெயருக்குக் கீழே வேகமாக எண்களை எழுதினாள்.

"இது என்ன?"

"என்னோட ரீடிங்கைத்தான் ஸ்வல்ப மாத்திப் போட்டிருக்கேன். யாருக்கும் தெரியாது. அன்னா மேடம் அங்க உக்காந்திருக்காங்க அண்ணி. நான் சொல்லிக்கறேன், நீங்க எழுந்திரிக்கவே வேணாம்."

மமதா அந்த எண்களைப் பார்த்தாள். அழகான எண்கள். எந்த டீச்சரும் சரி என்று டிக் போடுவாள்.

அவளுக்கு அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மை. எங்கிருந்து என்று மமதாவுக்குத் தெரியவில்லை. வலது வரிசையில் இருந்தவளைக் கை காட்டினாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், பையைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். அவள் அம்மா கத்தியது முழுக்க நியாயம். இத்தனை நாள் அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளாமல் இருந்தாள். இன்று பென்சிலும் பைப்பும் அதை நிரூபித்துவிட்டன.

"அதை அடிச்சுடு" என்றாள்.

"அண்ணி!"

"வந்ததை எழுது. அதான் நான் உனக்குச் சொல்லிக் குடுத்தது."

அவர்கள் முறை வந்தது. சஹானா எழுந்திருப்பதற்குள் மமதா எழுந்துவிட்டாள். கன்னடத்தில் பேசினாள்.

"ஸார், சஹானாவோட ரீடிங் சரியா வந்திருக்கு. என்னோடது வராது. எனக்கு இடது காது கேக்காது. எங்க தட்டினாலும் எனக்கு வலது பக்கம்தான். நடுவுல நான் இடதுன்னு சொன்னதெல்லாம் பொய். பயத்துல சொன்னேன்."

பின் வரிசையில் யாரோ, "அய்யோ பாவ" என்றார்கள். அது மமதாவின் நல்ல காதில் துல்லியமாக விழுந்தது.

ப்ரஹ்லாத் சாக்பீஸோடு மேஜைக்கு முன்னால் வந்தார். பிறகு மெல்ல, "இதைப் போர்டுல எழுதலாமா மேடம்? வேணாம்னா வேணாம்" என்றார்.

"எழுதுங்க ஸார்."

அவர் எழுதினார். வலது, வலது, வலது என்று வரிசையாக. எழுதி முடித்துவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "உங்க க்ளாஸ்லயும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கூப்பிட்டாத் திரும்பலேன்னு அதை எத்தனை தடவை திட்டியிருக்கோம்னு யோசிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

மமதா உட்கார்ந்தாள். முன் பெஞ்சில் அன்னா மேடம் பேனாவை மூடுவதைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு ஹாலை விட்டு வெளியே போனார். அன்று முழுவதும் திரும்பி வரவில்லை.

* * *

மதியம் சித்ரான்னமும் தயிர்சாதமும் கொடுத்தார்கள். சஹானா தட்டோடு வந்து அண்ணியின் வலது பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். தீபாவளி முடிஞ்ச வாரம் அண்ணன் உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டாரே?"

"என்ன விஷயம்?"

சஹானா தட்டைக் கீழே வைத்தாள். மமதாவின் முகத்தில் எதையும் மறைக்கிற சாயல் இல்லை.

"படுத்ததுக்கப்புறம். லைட்டை அணைச்சதுக்கப்புறம்."

"இல்லியே. ஒண்ணும் கேக்கலியே."

"கேட்டாரு அண்ணி." சஹானா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "குழந்தை ஒண்ணைத் தத்து எடுத்துக்கலாமான்னு கேட்டாரு."

மமதா முழுசாக அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க திரும்பிப் படுத்திருந்தீங்களாம். தூங்கலேன்னு தெரியுமாம், அப்பத்தான் போர்வையை இழுத்துக்கிட்டீங்களாம். ரொம்ப நேரம் காத்துக்கிட்டிருந்தாராம். நீங்க ஒண்ணும் சொல்லல. மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி காபி குடுத்தீங்களாம். எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு சொன்னாரு. 'அவளுக்கு இஷ்டமில்லே போல சஹானா. இனி அந்தப் பேச்சே வேணாம்'னாரு. அன்னிக்கு அழுதாரு அண்ணி. அப்பா போனப்பக்கூட அவர் அழுது நான் பாத்ததில்லே."

மமதா தன் வலது காதைத் தொட்டுக்கொண்டாள்.

"நான் வலது பக்கம் ஒருக்களிச்சுத்தான் படுப்பேன்" என்றாள் மெதுவாக. "நல்ல காது தலகாணியில அமுங்கிடும். தெருச் சத்தம், நாய், பைக்கு, ஒண்ணும் கேக்காது. இந்தக் காது போனதுல அந்த ஒரு சுகமாவது கெடைச்சுதேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சஹானா."

சஹானா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சோற்றுக் கை, காய்ந்துபோய் இருந்தது.

"உங்கமேல அவ்ளோ கோவமா இருந்தேன்" என்றாள் சஹானா. "சரின்னாவது சொல்லலாம், வேணாம்னாவது சொல்லலாம், இப்டி ஒரு மனுஷனை அலட்சியப்படுத்தறாங்களேன்னு."

"நியாயமான கோவம்தான்."

"அது தப்புன்னு தெரிஞ்சதுதான் அண்ணி தாங்கல."

* * *

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஹெப்பகோடி வந்ததும் சஹானா எழுந்தாள். மமதாவும் எழுந்தாள்.

சுதீர் வேலை செய்யும் கம்பெனி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற இடம். அங்கே அவன் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தான். ஷிப்ட் முடியும் நேரம்.

"நான் வீட்டுக்குப் போய் டீ போட்டு வைக்கறேன். ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டு சஹானா நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனி கேட் திறந்து ஆட்கள் சாரி சாரியாக வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சுதீர் மனைவியைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"இன்னா ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லே. உங்களைப் பாக்கணும்னு வந்தேன்."

"என்னையா?" அவன் நம்பவில்லை. கம்பெனி பஸ் டிரைவருக்கு, நீங்கள் போங்கள் என்று கை காட்டினான்.

ரோட்டோரமாக நடந்தார்கள். அவன் அவளுடைய இடது பக்கம் வந்து ஏதோ கேட்டான். உதடு அசைவது தெரிந்தது. மமதா நின்றாள்.

"இந்தப் பக்கம் வாங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது."

ரொம்ப நாளாகச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொல்லிவிட முடியும் என்று அவளுக்கே தெரியாது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், டாக்டர், பஸ்ஸில் இடம் தேடுவது, வெளியே நிறுத்தப்பட்ட பெண், இன்று காலை நடந்தது. சுதீர் முதலில் கோபப்பட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மமதா! நான் இன்னா மூணாம் மனுஷனா?"

"ஏற்கெனவே ஒரு கொறைக்கு உங்க சொந்தக்காரங்க வாயில நான் நாறிக்கிட்டிருக்கேன். இதையும் சொல்லி..."

"அவங்களுக்குச் சொல்லச் சொல்லலியே. எனக்குச் சொல்லலாமே."

அவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். முகம் மாறியது. எதையோ பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்பவன் போல அவளைப் பார்த்தான்.

"அப்படின்னா அன்னிக்கு... தீபாவளி முடிஞ்சு..."

"சஹானா இன்னிக்குத்தான் சொன்னா."

சுதீர் பக்கத்திலிருந்த சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை கோணலாகத் தொங்கியது.

"எம்மேலயும் தப்பு இருக்கு" என்றான். "மூஞ்சியைப் பாத்துக் கேக்கத் தைரியம் இல்லே. நீ இல்லேன்னு சொன்னா அந்த மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னு இருட்டுல கேட்டேன். மறுபடி ஒரு தடவை கேட்டிருந்தா..."

"இப்பக் கேளுங்க."

"இங்கேயா? ரோட்டுலயா?"

"இங்கேதான்."

ஓசூர் பக்கம் போகும் லாரிகள் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சுதீர் எழுந்து அவளுடைய வலது பக்கம் வந்து நின்றான். நிற்கத் தெரியாதவன் போல நின்றான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவன் இவ்வளவு தடுமாறவில்லை.

"நமக்கு ஒரு குழந்தையை எடுத்து வளக்கலாமா, மமதா?"

பதில் உடனே வரவில்லை. ஆனால் இந்த முறை அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் ஆசை இருந்துச்சு" என்றாள். "ரொம்ப நாளாவே இருந்துச்சு. யாரோ பெத்த குழந்தைன்னு உங்களுக்குத் தோணிடுமோன்னு வாயைத் தெறக்கல."

"எனக்கா தோணும்?"

"எனக்கு எப்டித் தெரியும்? நீங்கதான் பேசறதையே விட்டுட்டீங்களே."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அவளுக்குக் கண்ணீரும் வந்தது. அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

"ஆனா இப்பப் பயமா இருக்குங்க. ராத்திரி அது அழுதா எனக்குக் கேக்குமா? நான் பாட்டுக்குத் தூங்கிட்டிருந்தா? அம்மான்னு கூப்ட்டு நான் வேற பக்கம் திரும்பினா?"

சுதீர் யோசிக்கவே இல்லை.

"அழுதா எனக்குக் கேக்கும். நான் உன்னை எழுப்பறேன்."

"நான் எழுந்திரிக்கலேன்னா?"

"நானே தூக்கிக்கறேன். இதுக்குப் போயி."

மமதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நடு ரோட்டில், கம்பெனி ஆட்கள் பார்க்க, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

சஹானாவின் வீட்டுக்குப் போக ரோட்டைக் கடக்க வேண்டும். அவன் தானாகவே அவளுடைய இடது பக்கம் மாறிக்கொண்டான். "வண்டி வர்றதை நான் பாத்துக்கறேன். நீ நட" என்றான். அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் புரிந்தது.

சஹானாவின் வீட்டு வாசலில் ஏலக்காய் வாசம் வந்தது. படியேறும்போது மமதாவின் கைபேசி ஒலித்தது. திரையைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

பிரின்சிபால்.

"அன்னா மேடம் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

"நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப எடுக்காதே."

"இல்லீங்க. இனிமே ஒளிஞ்சுக்கிட்டு என்ன ஆகப் போவுது?"

கைபேசியை வலது காதில் வைத்தாள். பிரின்சிபாலின் குரல் எப்போதும் போல நேராக விஷயத்துக்கு வந்தது.

"மமதா மிஸ், நாளைக்கு நீங்க ஆனேக்கல் போக வேணாம். காலையில நேரா ஸ்கூலுக்கு வந்துடுங்க. அந்தப் பொண்ணோட அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு மேடம்?"

"வாங்க. நேர்ல பேசிக்கலாம்."

மமதா கணவனைப் பார்த்தாள். அவன் இரண்டு படி கீழே, எதுவும் புரியாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து சஹானா கையில் டம்ளரோடு எட்டிப் பார்த்தாள்.

"வர்றேன் மேடம்" என்றாள் மமதா. "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவங்க அம்மாகிட்டப் பேசறதுக்கு முன்னாடி நான் அவகிட்டப் பேசணும். அன்னிக்கு அவ சிரிக்கல. அதை அவகிட்ட என் வாயால சொல்லணும்."

மறுமுனையில் பதில் இல்லை. இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. அந்த அறையில் பிரின்சிபாலுக்குப் பக்கத்தில் நின்று வேறு யாரோ தாழ்ந்த குரலில், விடாமல், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மமதா கைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

வார்த்தைகள் பிடிபடவில்லை. ஆனால் குரல் தெரிந்தது. அது அன்னா மேடத்தின் குரல். ஹாலை விட்டு வெளியே போனவர் நேராக அங்கேதான் போயிருக்கிறார்.

அன்னா மேடம் அழுதுகொண்டிருந்தார்.